பள்ளி மானியம்: தொகையைவிடத் தேதிதான் கோளாறு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொகைதான் பள்ளி மானியம். ஆசிரியர்கள் பேச்சில் ‘ஸ்கூல் கிராண்ட்’. சம்பளம் கருவூலம் வழியாகப் போய்விடுகிறது. பாடநூல், சீருடை, சத்துணவு, காலை உணவு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குத் தலைப்பு இருக்கிறது. பள்ளியே கூடிப் பேசி, பள்ளியே முடிவெடுத்துச் செலவழிக்கிற பணம் எது என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஒழுகும் குழாய், எரியாத டியூப் லைட், தீர்ந்துபோன சாக்பீஸ், பினாயில், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவு, ஆய்வகச் சாமான், மின் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இதை ஒரு சேவையாக வைத்து மதிப்பிட்டால் ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். எதற்குச் செலவழிக்கலாம் என்பதில் பள்ளிக்கு நியாயமான சுதந்திரம் இருக்கிறது. பணம் நடுவில் யார் கையிலும் தங்குவதில்லை. மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தொகையை வெட்டிய விதத்தில் ஒரு புள்ளி போகிறது. இன்னொன்று, பணம் வந்து சேரும் காலத்தில் போகிறது. இரண்டாவதுதான் பெரிய குறை.

முதலில் தொகை. 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. இதில் குறைந்தது பத்து சதவீதத்தைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். 25,000 வாங்கும் பள்ளி என்றால் 2,500.

பார்க்க எளிமையான பட்டியல். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும்போதுதான் கோணல் தெரிகிறது. 30 பேர் படிக்கும் பள்ளியில் தலைக்கு 333 ரூபாய். ஒரே ஒரு பிள்ளை கூடி 31 ஆனால் 806. அதே படியில் மேலே போய் 100 பேர் ஆகும்போது 250க்கு இறங்கிவிடுகிறது; 101இல் மறுபடி 495. 251 பேர் பள்ளியில் 299 இருந்தது, 1,000 பேர் பள்ளியில் வெறும் 75. கழிப்பறையை அதிகம் தேய்ப்பதும் தண்ணீரை அதிகம் இறைப்பதும் அந்த ஆயிரம் பேர் பள்ளிதான்.

2018இல் திட்டம் தொடங்கியபோது கீழ்ப்படிகள் வேறு மாதிரி இருந்தன. 15 பேர் வரை 12,500, 16 முதல் 100 வரை 25,000. 2021இல் திருத்தியபோது 15 என்ற எல்லையை 30க்கு நகர்த்தி, அந்தப் படிக்கான தொகையைப் பத்தாயிரமாக்கினார்கள். அதனால் 16 முதல் 30 மாணவர் வரை வைத்திருக்கும் பள்ளிகள் ஒரே அடியில் 15,000 ரூபாயை இழந்தன. தமிழ்நாட்டில் அந்த வரம்புக்குள் வருபவை பெரும்பாலும் கிராமத்து ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள். பத்தாயிரத்தில் மின் கட்டணமும் தூய்மைச் செலவும் போனால், ஒரு வகுப்பறைக்கு வெள்ளையடிக்கக்கூட மிச்சம் நிற்பது கஷ்டம். பிள்ளை குறைந்ததால் கூரை சிறியதாகிவிடுவதில்லை, மின் மோட்டாரும் பாதி விலைக்கு ஓடுவதில்லை. படிநிலையை வகுத்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

கென்யாவின் இலவசத் தொடக்கக் கல்வித் திட்டம் வேறு வழி எடுத்தது. அங்கே மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,420 ஷில்லிங் என்று தலைக்கணக்கு. மூன்று பருவத்துக்கும் 50, 30, 20 என்ற விகிதத்தில் பிரித்து அனுப்புவது ஏற்பாடு. ஒரு பிள்ளை கூடினாலோ குறைந்தாலோ ஒரு பிள்ளையின் பணம்தான் மாறும், பள்ளம் விழாது. ஆனால் தலைக்கணக்கு மட்டும் என்றால் சிறு பள்ளி இன்னும் இளைத்துவிடும். எல்லாப் பள்ளிக்கும் ஒரு நிலையான அடித்தொகை, அதன்மேல் தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் இரண்டு கோளாறும் தீரும். அதைச் செய்ய மென்பொருள்கூட மாற வேண்டியதில்லை, ஒரு சூத்திரம் மாறினால் போதும். கென்யாவிலும் பணம் சொன்ன தேதியில் வருவதில்லை என்ற புகார் ஓயாமல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படிநிலை இப்படி இருக்கும்வரை, எண்ணிக்கையைச் சரியாகப் பதிவதுதான் பள்ளி செய்யக்கூடிய முதல் வேலை. மானியத்துக்கு அடிப்படை, நாடு முழுவதும் பள்ளிகளின் விவரத்தைத் திரட்டும் மத்திய அரசின் யூடைஸ் கணக்கு. அதன் குறிப்பு நாள் செப்டம்பர் 30. இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளையின் பலன் அடுத்த ஆண்டு மானியத்தில்தான் தெரியும் என்பதால், குறிப்பு நாளில் விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. 2022-23 முதல் யூடைஸ் பதிவு மாணவர் வாரியாக நடக்கிறது. வகுப்பில் 31 தலை இருந்தால் போதாது, 31 பேரும் ஒவ்வொரு மாணவருக்கும் தரப்படும் நிரந்தரக் கல்வி எண்ணோடு அந்தப் பள்ளியின் பெயரில் நிற்க வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு மாறுதலாகி வரும் பிள்ளைகளிடம்தான். பழைய பள்ளி, மாநிலத்தின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு, ஆசிரியர்கள் சொல்லும் ‘காமன் பூல்’ பக்கத்துக்கு, அனுப்பியிருக்காது. அல்லது அனுப்பியிருக்கும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்திருக்காது. பிள்ளை தினமும் வந்து பாடம் படிக்கும், கணக்கில் இருக்காது. தனியார் பள்ளியிலிருந்து கட்டண பாக்கியோடு வரும் பிள்ளைகள் விஷயத்தில் இது அதிகம். ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்றாலும் பதிவு தொங்கும். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தால் திருத்த இரண்டு மாதம் கிடைக்கும். எண்ணிக்கை 28லிருந்து 34க்குள், அல்லது 95லிருந்து 105க்குள் ஊசலாடும் பள்ளிக்கு இந்த வேலையின் மதிப்பு 15,000 அல்லது 25,000 ரூபாய்.

இனித் தேதி. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, நிதி ஆண்டு ஏப்ரலில். மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்துக்கு டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் இசைவு தர வேண்டும். பிறகு மத்தியப் பங்கு தவணையாக வரும், மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும், மாநிலத் திட்ட இயக்ககம் பள்ளிவாரியாகச் செலவு வரம்பு ஒதுக்கும். இத்தனை படி தாண்டி மானியம் பள்ளிக்கு எட்டும்போது நிதி ஆண்டின் பிற்பாதி ஆகிவிடுவது வாடிக்கை. மார்ச்சை ஒட்டி வந்து இறங்கும் ஆண்டுகளும் உண்டு. மார்ச் 31க்குள் செலவாகாதது பள்ளியின் கையை விட்டுப் போய்விடும்.

விளைவு என்ன? ஜூனில் தேவைப்பட்டது மார்ச்சில் வாங்கப்படுகிறது. தேர்வும் விடுமுறையும் நெருங்கும் நேரத்தில் சாக்பீஸ் பெட்டிகளும் தொடப்பம் கட்டுகளும் அலமாரியில் அடுக்கப்படுகின்றன. பிளீச்சிங் பவுடர் இதற்கு நல்ல உதாரணம். குடிநீர்த் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது நடைமுறைக் கணக்கு. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, 220 வேலை நாள் என்றால் ஆண்டு முழுவதற்கும் 880 கிராம் போதும். கழிப்பறைக்கும் சேர்த்தாலும் மாதத்துக்குச் சில கிலோ. ஆனால் மார்ச்சில் ஒரே பில்லில் கணக்கை முடிக்க 25 கிலோ மூட்டையாக வாங்கிவைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் குளோரினை இழந்துகொண்டே இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது மூட்டையில் இருப்பதன் வீரியம் குறைந்திருக்கும். அளவு பார்த்துத்தான் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சத்துக் குறைந்த பொடியைத் தொட்டியில் கொட்டுவார்கள்.

தாமதத்தை மாற்றுவது பள்ளி கையில் இல்லை. தாமதமாக வரும் பணத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது கையில் இருக்கிறது. மார்ச் பணத்தைக் கெடாத பொருளிலும் ஒரே தடவையில் முடியும் வேலையிலும் போடுவது புத்திசாலித்தனம். எல்.இ.டி. விளக்கு, மின்விசிறி கண்டென்சர், பித்தளைக் குழாய், தொட்டி மிதவை வால்வு, கதவுத் தாழ்ப்பாள், கரும்பலகைப் பூச்சு இவை எல்லாம் கோடை விடுமுறையில் பூட்டிவைத்தாலும் ஜூனில் அப்படியே இருக்கும். 8க்கு 4 அடிப் பலகை ஒன்றுக்கு இரண்டு பூச்சு அடிக்க ஒரு லிட்டர் கரும்பலகை பெயின்ட் தாராளம். பழைய பூச்சை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவதைப் போட வேண்டும். அவசரத்தில் அடித்தால் இரண்டே மாதத்தில் செதில் செதிலாக உரியும்.

அடுத்தது பணம் கொடுக்கும் முறை. 2021 ஜூலைக்குப் பிறகு பள்ளியின் வங்கிக் கணக்கில் பணமே இருப்பதில்லை. மாநில அளவில் ஒரே தாய்க் கணக்கு. பள்ளிக்கு இருப்பது ஜீரோ பேலன்ஸ் துணைக் கணக்கு. பள்ளிக்கு ஒதுக்கிய வரம்பு மட்டும் மத்திய அரசின் பொது நிதி மேலாண்மைத் தளமான பி.எஃப்.எம்.எஸ்.ஸில் தெரியும். முதலில் கடைக்காரரை விற்பனையாளராகப் பதிய வேண்டும். பாஸ்புக்கில் இருக்கும் அதே பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மூன்றையும் ஏற்றினால் வங்கி சரிபார்க்கும். பிறகு ‘டேட்டா ஆபரேட்டர்’ நுழைவில் செலவைப் பதிவு செய்து, சரியான தலைப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ‘டேட்டா அப்ரூவர்’ நுழைவில் அதற்கு ஒப்புதல். கடைசியாகப் பி.பி.ஏ. எனப்படும் பணம் வழங்கு ஆணையை அச்செடுத்து, தலைமையாசிரியரும், பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, வங்கியில் கொடுக்க வேண்டும்.

இதில் சிக்கல் எங்கெல்லாம் வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். இணைக்கப்பட்ட வங்கிகளின் பழைய குறியீடு முதல் இடம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கடைக்காரர் பழைய பாஸ்புக்கை நீட்டினால் பதிவு நிராகரிக்கப்படும். கடையின் பெயரில் பில், முதலாளியின் பெயரில் சேமிப்புக் கணக்கு என்றால் சரிபார்ப்பு இழுக்கும். பி.பி.ஏ.வுக்குப் பத்து நாள்தான் ஆயுள். குழுத் தலைவர் வெளியூர் போய்க் கையெழுத்து தாமதமானால் அதை ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும். மானியத் தலைப்புக்குப் பதில் விளையாட்டுத் தலைப்பில் பதிந்துவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். மார்ச் கடைசி வாரத்தில் தளம் திணறும், தாய்க் கணக்கில் பணம் குறைந்தால் வரம்பு தெரிந்தாலும் ஆணை நிற்கும். எனவே நான்கைந்து கடைக்காரர்களை டிசம்பரிலேயே பதிந்து, சரிபார்ப்பு முடிந்ததா என்று பார்த்து வைத்துவிட்டால் மார்ச்சில் பாதி ஓட்டம் மிச்சம்.

குறை சொன்னாலும், இந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. காசோலை, ரொக்கம் என்று இருந்த காலத்தில் ‘நீங்கள் செலவழியுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேரம் நடக்க இடம் இருந்தது. இப்போது கடைக்காரரின் கணக்குக்கு நேராகப் போகிறது. பதிலுக்கு ஒரு சிறு வேதனை: ஐம்பது ரூபாய் வாஷர் மாற்ற வரும் பிளம்பரிடமும் ஐ.எஃப்.எஸ்.சி. கேட்க வேண்டியிருக்கிறது. சில்லறை வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே ஆளிடம் ஒரே நாளில் முடிப்பதுதான் வழி.

பில் விஷயத்திலும் கவனம் வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் ஜி.எஸ்.டி. காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறு கடை வரியைத் தனியாகப் போட்டு வாங்கக் கூடாது. அந்தக் கடை கொடுக்க வேண்டியது வரி விவரம் இல்லாத விநியோகப் பில். அதில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை, பில்லைத் திருப்பிவிடலாம். பதிவே இல்லாத கொத்தனார், எலக்ட்ரீஷியன் என்றால் வேலை விவரம், நாள், தொகை எழுதிய கைரசீது போதும். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத் தலை ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு வவுச்சரின் தலையிலும் மேலாண்மைக் குழுத் தீர்மான எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டால் தணிக்கை நாளில் தேடல் இல்லை. தீர்மானம் செலவுக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் அதிகம் மாட்டுவது அதில்தான். வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறாமல் பில் மட்டும் கோப்பில் இருப்பது அடுத்தது.

பெற்றோர் பக்கமிருந்து ஒரு நியாயமான சந்தேகம் எழும். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி பெண்களுக்கு. அவர்களில் ஒருவர் பாஸ்புக்கைக் கேட்டால் அதில் பூஜ்யம் இருக்கும். ‘அரசாங்கம் 25,000 கொடுத்ததாமே, எங்கே?’ என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடும். தலைமையாசிரியர் வாயால் விளக்குவதைவிட பி.எஃப்.எம்.எஸ். வரம்பு அறிக்கையையும் செலவு அறிக்கையையும் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நல்லது. இதற்கு உகாண்டாவில் ஒரு பழைய பாடம் உண்டு. 1991 முதல் 1995 வரை அங்கே பள்ளிகளுக்கென்று அனுப்பிய தலைக்கணக்கு மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளை எட்டியது என்று ஓர் ஆய்வு காட்டியது. மீதி மாவட்ட அளவிலேயே கரைந்தது. பிறகு அரசு ஒவ்வொரு தவணையையும் செய்தித்தாளில் வெளியிட்டது, பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. அதன்பின் சென்று சேரும் பங்கு பல மடங்கு உயர்ந்தது. சுவரில் ஒட்டும் காகிதம் சாதாரணமானது இல்லை.

சேவை மொத்தமாக நின்றுபோன ஆண்டையும் மதிப்பீட்டில் சேர்க்காமல் விட முடியாது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு, ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், விடுவிக்கப்படவில்லை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை, அந்த ஒப்பந்தம் 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோருகிறது என்பது தகராறு. 2025 மே மாதம் மாநில அரசு வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். குழாய் வாஷருக்கும் சாக்பீசுக்குமான பணம் கொள்கை ஒப்பந்தத்தோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் வடிவமைப்புக் கோளாறு. இந்த அளவு சின்னத் தொகையை மாநிலமே முன்பணமாக ஜூனில் கொடுத்துவிட்டு, மத்தியப் பங்கு வரும்போது ஈடுகட்டிக்கொண்டால் தாமதமும் தீரும், கயிறும் அறும்.

மானியத்தோடு வேறு இரண்டு சிறு தொகைகளும் உண்டு. விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை. நூலகத்துக்குப் பள்ளி நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 வரை. இவற்றை மானியத்தோடு கலக்கக் கூடாது. இவற்றில் பள்ளியின் சுதந்திரம் குறைவு, மேலிடத்துப் பொருள் பட்டியல் வந்தால் அதற்குள்தான் வாங்க வேண்டும்.

பணம் வரும்வரை என்ன செய்வது என்பதற்கு, ஊர்க்காரர்கள், முன்னாள் மாணவர்கள் உதவியை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ தளம் வழியாகக் கேட்கலாம். மேசை, மின்விசிறி, கட்டடப் பழுது போன்ற கண்ணுக்குத் தெரியும் தேவைகளுக்கு அது உதவும். பினாயிலுக்கும் மின் கட்டணத்துக்கும் நன்கொடை தர ஆள் கிடைப்பது அபூர்வம். அந்தச் செலவுகளை ஜூனிலிருந்து தலைமையாசிரியர் சொந்தப் பணத்தில் போட்டு ஓட்டுவது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் மானியம் வந்த பிறகு அதைத் திரும்ப எடுப்பது எளிதல்ல, ஏனென்றால் தளத்தில் பணம் விற்பனையாளர் பெயருக்குத்தான் போகும். முன்கூட்டியே குழுவில் தீர்மானம் போட்டு, ஒரே கடையில் கடன் கணக்கு வைத்து, மாதாமாதம் தேதியிட்ட பில் வாங்கிக்கொண்டால் மானியம் வந்ததும் அந்தக் கடைக்கே நேராகச் செலுத்திவிடலாம். கடைக்காரர் எத்தனை மாதம் பொறுப்பார் என்பதைக் கேட்டுக்கொண்டு ஜூன் கூட்டத்திலேயே கடையை முடிவு செய்ய வேண்டும்.